ஊர் கேட்ட வேலையும் கல்லூரி போட்ட கணக்கும்

காந்தி நூற்றாண்டான 1969இல், செப்டம்பர் 24ஆம் தேதி, அன்றைய மத்தியக் கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ் 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அந்த ஆண்டு அதில் சேர்ந்த மாணவர்கள் 40,000 பேர். இப்போது சுமார் 40 லட்சம் பேர் இருக்கிறார்கள். அரை நூற்றாண்டில் நூறு மடங்கு வளர்ச்சி. மாணவர் உழைப்பை இந்த அளவுக்குத் திரட்டிய திட்டங்கள் உலகத்திலேயே அதிகம் இல்லை.

இருந்தும் இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்வது கடினமாகவே இருக்கிறது. ஏழு நாள் முகாம் முடிந்து மாணவர்கள் பேருந்து ஏறிய பிறகு அந்த ஊரில் என்ன மிஞ்சியது? முகாமுக்குப் போய் வந்த மாணவர் தன் பாடத்தில் எதைக் கூடுதலாகத் தெரிந்துகொண்டார்? எத்தனை மணி நேரம் உழைத்தார்கள் என்பது பதிவேட்டில் இருக்கிறது. எத்தனை மரக்கன்று நட்டார்கள் என்பது ஆண்டறிக்கையில் இருக்கிறது. இந்த இரண்டு கேள்விக்கும் மட்டும் எந்த ஏட்டிலும் பத்தி ஒதுக்கவில்லை.

புதிய கல்விக் கொள்கையும் பல்கலைக்கழக மானியக் குழுவின் வழிகாட்டுதல்களும் சமூகப் பணியைப் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவரச் சொல்லும் இந்தக் காலத்தில், மணிக்கணக்கைத் தாண்டி யோசித்தாக வேண்டும். மாணவர் சேவையின் தரத்தை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: அந்த வேலையைக் கேட்டவர் யார், அந்த வேலை எந்தப் பாடத்துக்குத் திரும்பி வந்தது. ஆய்வுகள் சொல்வதும், தமிழ்நாட்டில் கண்ட அனுபவமும் இங்கேதான் வந்து சேர்கின்றன.

ஓராண்டு, 240 மணி நேரமான கதை

மாணவர் சேவை என்ற எண்ணம் குடியரசோடு கூடவே பிறந்தது. 1948-49இல் செயல்பட்ட ராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு, விருப்பமுள்ள மாணவர்கள் நாட்டுப் பணியில் ஈடுபட வழிசெய்யச் சொன்னது. 1950 ஜனவரியில் மத்தியக் கல்வி ஆலோசனை வாரியம், மாணவர்கள் சிறிது காலம் உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்றது. முதல் ஐந்தாண்டுத் திட்டம் ஓராண்டுச் சேவையைப் பற்றிப் பேசியது. 1958இல் நேரு முதலமைச்சர்களுக்கு எழுதிய கடிதம் இன்னும் ஒரு படி மேலே போனது. பட்டம் பெறுவதற்குச் சமூக சேவையை நிபந்தனையாக்கலாமா என்று அதில் அவர் யோசித்தார்.

அதை ஆராய 1959இல் சி.டி. தேஷ்முக் தலைமையில் ஒரு குழு அமைந்தது. பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரியில் சேர விரும்பும் ஒவ்வொருவரும் ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை கட்டாயமாகச் சேவை செய்ய வேண்டும் என்பது அந்தக் குழுவின் பரிந்துரை. லட்சக்கணக்கானவர்களுக்கு ஓராண்டு உணவும் உறைவிடமும் மேற்பார்வையும் தர வேண்டும் என்றால் செலவு என்ன ஆகும்? பரிந்துரை அங்கேயே நின்றுபோனது. 1960இல் பல நாடுகளின் அனுபவத்தை ஆராய்ந்த கே.ஜி. சையிதைன், விருப்பத்தின் பேரில் நடத்துவதே நல்லது என்று முடிவு சொன்னார். 1964-66இல் இயங்கிய கோத்தாரி குழு, கல்வியின் எல்லாக் கட்டத்திலும் சேவை ஏதோ ஒரு வடிவில் இருக்க வேண்டும் என்றது. சீனப் போருக்குப் பின் கட்டாயமாக்கப்பட்டிருந்த தேசிய மாணவர் படையைத் திரும்பவும் விருப்பத்துக்கு விட்டுவிட்டு, அதற்கு மாற்றாக ஒரு சேவைத் திட்டத்தை வைக்கலாம் என்று 1967இல் மாநிலக் கல்வி அமைச்சர்களின் மாநாடு பேசியது. நாட்டு நலப்பணித் திட்டம் இப்படி வந்தது.

இத்தனை இழுபறியில் ஓராண்டு சுருங்கி 240 மணி நேரமாயிற்று. ஆண்டுக்கு 120 மணி, இரண்டு ஆண்டுகள், இடையில் ஏழு நாள் சிறப்பு முகாம். நூறு மாணவருக்கு ஓர் அலகு. அலகுக்கு ஒரு திட்ட அலுவலர். அவர் தன் பாடவேளைகளையும் பார்த்துக்கொண்டு இதையும் சுமக்கும் பேராசிரியர். தத்தெடுத்த ஒரு கிராமம். 1973இல் பஞ்ச காலத்து முகாம்களும், அடுத்த ஆண்டுகளில் நோய்த் தடுப்பு, காடு வளர்ப்பு, ஊரகச் சீரமைப்பு என்று வந்த முகாம்களும் திட்டத்துக்குப் பெயர் வாங்கித் தந்தன.

கால அளவு குறைந்தது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. இன்னொரு மாற்றம் அவ்வளவாகக் கவனிக்கப்படவில்லை. சேவை, பாடத்துக்கு வெளியே போய் உட்கார்ந்தது. தாவரவியல் படிப்பவரும் வணிகவியல் படிப்பவரும் ஒரே மண்வெட்டியைப் பிடித்து ஒரே வாய்க்காலைத் தூர்வாரினார்கள். அதில் ஒரு சமத்துவம் இருந்தது, அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் வாய்க்கால் ஏன் தூர்ந்தது என்ற கேள்வி திங்கட்கிழமை வகுப்பறைக்குள் வரவில்லை.

நேருவும் தேஷ்முக்கும் யோசித்த வழியில் போன நாடுகள் உண்டு. மெக்சிகோவில் 1930களில் மருத்துவ மாணவர்களை ஊரகங்களுக்கு அனுப்பித் தொடங்கிய சமூக சேவை, இன்று பட்டம் பெறும் எல்லோருக்கும் நிபந்தனை. குறைந்தது 480 மணி நேரம், அதுவும் படித்த துறை சார்ந்த வேலையில். உள்நாட்டுப் போரில் பிளவுபட்ட நைஜீரியா, 1973இல் பட்டதாரிகளை ஓராண்டுக்குச் சொந்த மாநிலத்துக்கு வெளியே அனுப்பத் தொடங்கியது. இந்தோனேசியாவின் கஜா மடா பல்கலைக்கழகம் 1970களின் தொடக்கத்தில் வளர்த்தெடுத்த களப்படிப்பில், பல துறை மாணவர்கள் ஒரே குழுவாகக் கிராமத்தில் வாரக்கணக்கில் தங்குகிறார்கள். அது பட்டப் படிப்பின் ஒரு பகுதியாகவே கணக்காகிறது. இந்த நாடுகளிலும் குறைகள் உண்டு. ஆனால் சேவையைப் படிப்போடு முடிச்சுப் போடுவது ஏழை நாடுகளாலும் முடிகிற காரியம் என்பதை அவை காட்டியிருக்கின்றன.

அமெரிக்காவில் எழுந்த விவாதம்

சேவைவழிக் கற்றல் என்று இன்று நாம் சொல்வதற்கு 1967இல் பெயர் வைத்தவர்கள் அமெரிக்கத் தென்மாநிலங்களின் கல்வி வாரியத்தில் பணியாற்றிய ராபர்ட் சிக்மனும் வில்லியம் ராம்சேயும். செய்து கற்பதைப் பற்றிக் கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி 1938இலேயே எழுதிவிட்டார். இவர்கள் அதை ஊருக்குள் கொண்டுபோனார்கள். 1979இல் சிக்மன் மூன்று விதிகளை எழுதினார். சேவை பெறுபவர்கள்தான் சேவையைக் கட்டுப்படுத்த வேண்டும். தங்கள் காரியத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் வலிமை அவர்களுக்கு அதனால் கூட வேண்டும். சேவை செய்பவரும் அங்கே கற்பவர்தான்; எதைக் கற்பது என்று முடிவு செய்வதில் அவருக்கும் பங்கு வேண்டும்.

முதல் விதி எவ்வளவு கடினமானது என்பதை 1968 ஏப்ரலில் மெக்சிகோவின் குயெர்னவாகா நகரில் சமூகச் சிந்தனையாளர் இவான் இல்லிச் பேசிய பேச்சு காட்டியது. கோடை விடுமுறையில் மெக்சிகோ கிராமங்களுக்குத் தொண்டு செய்ய வந்த அமெரிக்க மாணவர் அமைப்பின் கூட்டம் அது. உங்கள் நல்லெண்ணத்தை வைத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பிப் போங்கள் என்ற பொருளில், பேச அழைத்த அவர்களையே இல்லிச் வெளுத்து வாங்கினார். மொழி தெரியாமல், கேட்பவர் திருப்பிப் பேச முடியாத இடத்தில் போய் நன்மை செய்வதும் ஒருவகை ஆதிக்கம் என்பது அவருடைய வாதம். பார்க்கலாம், படிக்கலாம், விருந்தாளியாக வரலாம், உதவ மட்டும் வராதீர்கள் என்றார்.

இல்லிச்சின் குற்றச்சாட்டை முழுதாக ஏற்றுக்கொண்டால் எந்த மாணவரும் எந்த ஊருக்கும் போக முடியாது. ஆனால் அதை ஒதுக்கிவிடவும் முடியவில்லை. 2009இல் ராண்டி ஸ்டோக்கரும் எலிசபெத் ட்ரையனும் தொகுத்த ஒரு நூல், விஸ்கான்சின் மாநிலத்தின் மாடிசன் பகுதியில் மாணவர்களை ஏற்றுக்கொண்ட சிறு அமைப்புகளின் ஊழியர்களைப் பேசவைத்தது. அவர்கள் சொன்னவற்றில் முக்கியமானது, குறுகிய காலத்துக்கு வரும் மாணவர்களால் ஆதாயத்தைவிடச் சுமையே அதிகம் என்பது. வேலையைக் கற்றுத் தந்து முடிப்பதற்குள் பருவம் முடிந்துவிடுகிறது; அடுத்த பருவத்தில் இன்னொரு கூட்டம் வருகிறது, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. நம் ஊரில் முகாமுக்குப் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிடும் தலைமையாசிரியரையும், ஏழு நாளும் தண்ணீருக்கும் சமையலுக்கும் அலையும் ஊராட்சித் தலைவரையும் கேட்டால் இதையேதான் வேறு வார்த்தையில் சொல்வார்கள். அவர்களை யாரும் கேட்பதில்லை.

ஆய்வுகள் எதை உறுதிசெய்கின்றன

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஆஸ்டின் குழுவினர் 2000இல் வெளியிட்ட ஆய்வு 22,000க்கும் மேற்பட்ட மாணவர்களைப் பின்தொடர்ந்தது. சேவை செய்த மாணவர்கள் படிப்பிலும் மனப்பாங்கிலும் முன்னேறினார்கள். ஒரு பாடத்தோடு சேர்த்துச் சேவை செய்தவர்கள், குறிப்பாக எழுத்துத் திறன் போன்ற படிப்பு சார்ந்தவற்றில், தனியாகச் சேவை செய்தவர்களைவிட அதிகம் முன்னேறினார்கள். அனுபவம் நல்லபடியாக அமைய எது முக்கியம் என்று பார்த்தபோது, மாணவருக்கு அந்தப் பாடத்தில் இருந்த ஆர்வம் முதலிடத்தில் நின்றது. அதற்கு அடுத்தது, பேராசிரியர் வகுப்பில் அதைப் பற்றிப் பேசவைத்தாரா என்பது.

2011இல் செலியோ, டர்லாக், டிம்னிக்கி மூவரும் 62 ஆய்வுகளைச் சேர்த்து அலசினார்கள். மொத்தம் 11,837 மாணவர்கள். குடிமைப் பொறுப்பு, சமூகத் திறன் எல்லாவற்றிலும் முன்னேற்றம் தெரிந்தாலும், மிகப் பெரிய விளைவு படிப்பின் அடைவில்தான் தெரிந்தது. சேவைக்குப் போனால் படிப்பு கெட்டுவிடும் என்று அஞ்சும் பெற்றோருக்கு இது நல்ல பதில். பாடத்தோடு இணைப்பு, மாணவரின் சொல்லுக்கு இடம், ஊராரின் பங்கேற்பு, செய்ததை எண்ணிப் பார்த்து எழுதுவதும் பேசுவதும் ஆகிய நான்கும் இருந்த திட்டங்கள் கூடுதல் பலன் தந்தன.

கட்டாயமா விருப்பமா என்ற பழைய வழக்குக்கும் ஓரளவு விடை கிடைத்திருக்கிறது. ஸ்டுகாஸ், ஸ்னைடர், கிளாரி ஆகியோர் 1999இல் வெளியிட்ட ஆய்வில், வெளியிலிருந்து திணிக்கப்பட்டதாக உணர்ந்த மாணவர்களிடம், முன்பு தொண்டு செய்திருந்தாலும்கூட, இனித் தொண்டு செய்யும் எண்ணம் வலுவாக நிற்கவில்லை. கட்டாயத்துக்குள்ளேயே என்ன வேலை என்று தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் தரும்போது இந்தக் கெடுதல் குறைகிறது. தேஷ்முக்கும் சையிதைனும் எதிரெதிராகப் பார்த்ததற்கு நடுவில் ஒரு வழி இருக்கிறது: சேவை எல்லோருக்கும் உண்டு, எந்தச் சேவை என்பது அவரவர் தேர்வு.

சீமைக் கருவேலம் என்னும் பரீட்சை

பொதுவாகப் பேசிக்கொண்டே போவதைவிட, தமிழ்நாட்டு முகாம்களில் அதிகம் நடந்த ஒரு வேலையை எடுத்துப் பார்ப்போம். சீமைக் கருவேல மரங்களை அகற்ற வேண்டும் என்று 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டதும், கல்லூரிகள் பலவும் அரிவாளும் கடப்பாரையுமாகக் களத்தில் இறங்கின. அதே ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த வேலைக்கு இடைக்காலத் தடையும் விதித்தது. வழக்கு ஒரு பக்கம் இருக்கட்டும், மாணவர்கள் என்ன செய்தார்கள்?

பெரும்பாலும் வெட்டினார்கள். தரையோடு வெட்டிய சீமைக் கருவேலம் மறுபடி தூரிலிருந்து கிளைக்கும். முன்பு ஒரு தண்டு இருந்த இடத்தில் பல தண்டுகள் வரும். வேரோடு எடுத்தாலும் மண்ணில் விதை கிடக்கிறது. ஆடும் மாடும் நெற்றைத் தின்று, சாணத்தோடும் புழுக்கையோடும் அடுத்த பொட்டலுக்கு விதையைக் கொண்டுபோகின்றன. எடுத்த இடத்தில் வேறு மரத்தை வைத்துத் தண்ணீர் ஊற்றிக் காக்காவிட்டால் அடுத்த மழையோடு பழைய கதைதான். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களின் வறண்ட பகுதிகளில் இந்த மரத்தை மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்றுத்தான் எத்தனையோ குடும்பங்கள் அடுப்பேற்றுகின்றன. மழை பொய்த்த ஆண்டில் விவசாயி நிலத்தைச் சும்மா விட்டு, நான்கைந்து ஆண்டு கழித்துக் கரிக்கு வெட்டி விற்கிறார். அவருக்கு அது களையும்தான், காசும்தான்.

இதே மரத்தை, கேட்டவர் யார், எந்தப் பாடத்துக்குத் திரும்பி வந்தது என்ற இரண்டு கேள்விகளோடும் அணுகிப் பார்ப்போம். தாவரவியல் மாணவர், வெட்டிய தூர் எத்தனை நாளில் கிளைக்கிறது, வேரோடு எடுத்த இடத்தில் என்ன முளைக்கிறது என்று ஒரு கண்மாய்க் கரையில் இரண்டு பருவம் பதிவு செய்யலாம். பொருளியல் மாணவர், கரிமூட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டில் எத்தனை நாள் வேலை, மூட்டைக்கு என்ன விலை, இடையில் யார் கையில் எவ்வளவு தங்குகிறது என்று கணக்கெடுக்கலாம். புவியியல் மாணவர், கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வரத்துக்கால் எந்த இடத்தில் மரத்தால் அடைபட்டிருக்கிறது, எந்த இடத்தில் ஆக்கிரமிப்பால் அடைபட்டிருக்கிறது என்று வரைபடம் போடலாம். தமிழ் மாணவர், மடை திறக்கும் நீர்பாய்ச்சியிடம் உட்கார்ந்து அந்தக் கண்மாயின் பழைய முறைவைத்தலைக் கேட்டு எழுதலாம். நான்கையும் ஊர்க்கூட்டத்தில் வைத்தால், எங்கே மரத்தை எடுப்பது, எங்கே விடுவது என்று ஊர் முடிவு செய்ய அவை உதவும்.

சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள் உள்ள மாநிலம் இது. கலை அறிவியல் கல்லூரி இல்லாத வட்டாரம் குறைந்துவருகிறது. ஒவ்வொரு கல்லூரியும் பக்கத்தில் உள்ள ஒரே ஒரு கண்மாயைப் பத்தாண்டு விடாமல் பார்த்து எழுதிவந்தால், அரசுத் துறைகளிடமே இல்லாத ஓர் ஆவணம் மாணவர் கையில் உருவாகும். அதற்கு ஆண்டுக்கொரு புதிய கிராமம், ஆண்டுக்கொரு புதிய தலைப்பு என்ற வழக்கத்தை விட வேண்டும்.

எல்லாச் சேவையும் பாடத்தோடு ஒட்ட வேண்டும் என்பதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும், 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பின் டெல்டாவிலும் வேண்டியிருந்தது கைகள்தான். ரத்த தானத்துக்கும் பாடம் தேவையில்லை. பார்வையற்ற தேர்வருக்கு ஸ்க்ரைபாகப் போகிறவர் சொல்வதை அப்படியே எழுதினால் போதும். போட்டித் தேர்வுக் காலங்களில் ஸ்க்ரைப் கிடைக்காமல் தவிப்பவர்களைக் கேட்டால் அந்த மூன்று மணி நேரத்தின் மதிப்பு தெரியும். அவசரத்துக்கு உதவுவது அறம், அதற்குக் கிரெடிட் கணக்கு வேண்டாம். பாடத்தின் பெயரால் மணி நேரம் கேட்கும்போதுதான் பாடம் எங்கே என்று கேட்க வேண்டியிருக்கிறது.

சேவை செய்பவரே சேவைக்கு உரியவராக இருந்தால்

அமெரிக்க ஆய்வுகளைத் தமிழ்நாட்டுக்கு அப்படியே பொருத்த முடியாததற்கு ஒரு காரணம் உண்டு. அங்கே பெரும்பாலும் வசதியான மாணவர் வறிய பகுதிக்குப் போகிறார் என்ற எண்ணமே அடியில் ஓடுகிறது. இல்லிச்சின் கோபமும் அதைப் பார்த்து எழுந்ததுதான். தமிழ்நாட்டின் நிலை வேறு. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்வி ஆய்வுப்படி இங்கே உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். இந்தியாவின் சராசரி 28.4. இந்த உயர்வுக்குப் பின்னால் இருப்பவர்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர்கள். அரசுக் கல்லூரியில் படிக்கும் ஒரு மாணவரின் அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவராக இருப்பார். அந்த மாணவரே மாலையில் ஜவுளிக்கடையிலோ, முகூர்த்த நாளில் கேட்டரிங்கிலோ நின்று கட்டணத்துக்குச் சம்பாதிப்பவராக இருப்பார்.

அவருக்கு 240 மணி நேரம் என்பது அத்தனை மணி நேரக் கூலி. நகரத்துத் தனியார் கல்லூரி மாணவருக்கு அப்படி இல்லை. சேவையை எல்லோருக்கும் ஒன்றுபோல் கட்டாயமாக்கும்போது, ஏழை மாணவரிடமிருந்துதான் அதிகம் பிடுங்குகிறோம். போக்குவரத்துச் செலவும் சாப்பாடும் கல்லூரி தர வேண்டும் என்பது குறைந்தபட்ச நியாயம். 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, மாலை நேரத்தில் குழந்தைகளுக்குச் சொல்லித்தரும் தன்னார்வலர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை வைத்தது. அதை வாங்கியவர்கள் தன்னார்வலர் இல்லை என்று யாரும் சொல்லவில்லை.

அதே மாணவரிடம் வேறு யாரிடமும் இல்லாத ஒரு பலமும் இருக்கிறது. அவருக்கு ஊர் தெரியும். எந்தத் தெருவுக்குத் தண்ணீர் கடைசியாக வருகிறது, யார் வீட்டுத் திண்ணையில் யார் உட்கார மாட்டார்கள், நியாய விலைக் கடையில் என்ன நடக்கிறது என்பதெல்லாம் அவருக்குப் பழக்கம். முகாம் ஊர்த்தெருவில் நடக்கிறதா, காலனியில் நடக்கிறதா என்பது சாதாரண இட ஏற்பாடு இல்லை என்பதை அவர் முதல் நாளே புரிந்துகொள்வார். அவருடைய சொந்த ஊரையே களமாக எடுத்துக்கொள்ள அனுமதித்தால் பேருந்துச் செலவும் மிச்சம். ஊரை முதலிலிருந்து கற்க வேண்டிய வேலையும் மிச்சம். சொந்த ஊரில் சில கேள்விகளைக் கேட்பது ஆபத்து என்பதும் உண்மை. எந்தக் கேள்வியை அவர் தனியாகக் கேட்கலாம், எதற்குப் பேராசிரியர் கூட நிற்க வேண்டும் என்பதை முன்பே பேசிக்கொள்ள வேண்டும்.

நம்மிடம் இருக்கும் முன்மாதிரிகள்

ஊர் கேட்டதைச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு 1990களின் தொடக்கத்தில் நடந்த அறிவொளி இயக்கம் சாட்சி. அதில் தொண்டர்களாக நின்றவர்களில் மாணவர்களும் படித்து வேலைக்குக் காத்திருந்த இளைஞர்களும் ஏராளம். புதுக்கோட்டையில் எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுப்பதும் இயக்கத்தின் வேலையாயிற்று. கல்குவாரிக்கும் வயலுக்கும் நடந்த பெண்களுக்குச் சைக்கிள் ஓர் அன்றாடத் தேவை. பாடநூலை எழுதியவர்கள் முன்கூட்டித் திட்டமிட்ட பாடமாக மட்டும் அறிவொளி நின்றிருந்தால், அந்த மாவட்டத்தின் சாலைகளில் பெண்கள் அப்படிச் சைக்கிளில் போயிருக்க மாட்டார்கள்.

பாடமும் ஊரும் பிரியாமல் இருப்பதற்குத் திண்டுக்கல் அருகே காந்திகிராமம் முன்மாதிரி. டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் உருவாக்கிய அந்த வளாகத்தில் 1956இல் கிராமிய நிறுவனம் தொடங்கியது. 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. மாணவர்கள் கிராமத்தில் தங்கிப் பயில்வது அங்கே பாடத்திட்டத்தின் உள்ளேயே இருக்கிறது. திருச்சி தூய வளனார் கல்லூரியும் சென்னை லயோலா கல்லூரியும் விரிவாக்கப் பணியை எல்லா மாணவருக்கும் பொதுவாக்கியவை. மதுரை லேடி டோக் கல்லூரி, சேவைவழிக் கற்றலைத் துறைப்பாடங்களோடு இணைத்து நடத்துகிறது.

தொடர்ச்சிக்குக் கேரளத்தைப் பார்க்கலாம். கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கி, பின்னர் மலப்புரம் பகுதியில் அக்கம்பக்கத்தார் வலைப்பின்னலாக வளர்ந்த வலி தணிப்பு இயக்கம், வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது தர முடிந்தவர்களைத் தொண்டர்களாகச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தது. இரண்டு மணி நேரம் சின்ன அளவுதான். ஆனால் படுக்கையில் கிடப்பவருக்கு அடுத்த வாரமும் அதே முகம் வருகிறது. ஏழு நாள் முகாமின் கூட்டுத்தொகை அதைவிடப் பெரியதாக இருக்கலாம். ஆனால் அது அந்த நம்பிக்கையைத் தராது.

ஒரு கிரெடிட்டின் விலை

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இளங்கலைப் பாடத்திட்டத்தின் ஐந்தாம் பகுதி விரிவாக்கப் பணிக்கு உரியது. நாட்டு நலப்பணித் திட்டம், தேசிய மாணவர் படை, இளையோர் செஞ்சிலுவைச் சங்கம், செஞ்சுருள் சங்கம், விளையாட்டு என்று ஏதாவது ஒன்று. மொத்தம் 140 கிரெடிட் என்றால் அதில் இதற்கு ஒன்று. களப்பணியில் 30 மணி நேரத்துக்கு ஒரு கிரெடிட் என்ற இன்றைய கணக்கை வைத்துப் பார்த்தால் 240 மணி நேரத்துக்கு எட்டு கிரெடிட் வர வேண்டும். எட்டு கிரெடிட் உழைப்பை வாங்கிக்கொண்டு ஒன்றைத் தருகிறோம். கல்லூரி இதை எவ்வளவு மதிக்கிறது என்பதை மாணவர் இதிலிருந்தே தெரிந்துகொள்கிறார்.

நிலைமை மெல்ல மாறுகிறது. 2018இல் தூய்மை இந்தியா கோடைப் பயிற்சிக்கு 100 மணி நேரத்துக்கு இரண்டு கிரெடிட் தரலாம் என்று மானியக் குழு சொன்னது. 2014இல் தொடங்கிய உன்னத் பாரத் அபியான், ஒவ்வொரு கல்வி நிறுவனமும் ஐந்து கிராமங்களோடு தொடர்பு வைத்துக்கொள்ளச் சொல்கிறது. சமூக ஈடுபாட்டுக்கென்று இரண்டு கிரெடிட் பாடம் ஒன்றையும் மானியக் குழுவின் வழிகாட்டுதல் முன்வைக்கிறது. இவை நல்ல அடிகள்தான். ஆனால் கிரெடிட் வந்தவுடன் கூடவே புகைப்படமும் வருகைப்பதிவும் தர மதிப்பீட்டுக் கோப்பும் வருகின்றன. பேனரைப் பிடித்துக்கொண்டு நின்ற படம் ஒன்று கோப்பில் ஏறிவிட்டால் வேலை முடிந்தது என்று ஆகிவிடும் ஆபத்து, கிரெடிட் கூடக்கூடக் கூடும்.

அதைத் தடுக்கக் கல்லூரிக்கு வெளியே ஓர் இடம் வேண்டும். அது நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது: கிராம சபை. தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு முறை அது கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இந்தத் தேதிகள் கல்லூரியின் செமஸ்டரோடு அழகாகப் பொருந்துகின்றன. ஒற்றைப்படை செமஸ்டரில் ஆகஸ்ட் 15 அன்று மாணவரும் பேராசிரியரும் சபையில் உட்கார்ந்து, தெரிந்துகொள்ள வேண்டியது என்ன, செய்ய வேண்டியது என்ன என்று கேட்கலாம். ஊர் சொல்வதில் தங்கள் துறைக்குப் பொருந்துவதை மட்டும் எடுத்துக்கொண்டு, முடியாததை முடியாது என்று அங்கேயே சொல்லிவிடலாம். நவம்பர் 1 சபையில் கண்டதைத் தமிழில், இரண்டு பக்கத்தில், வாசித்துக் காட்டலாம். இரட்டைப்படை செமஸ்டருக்கு ஜனவரி 26ம் மார்ச் 22ம் இருக்கின்றன. அடுத்த ஆண்டு மாணவர்கள் அதே ஊரில், அதே அறிக்கையின் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குவார்கள். மதிப்பெண்ணில் ஒரு பங்கைச் சபை கேட்ட கேள்விகளுக்கு மாணவர் எப்படிப் பதில் சொன்னார் என்பதற்கு ஒதுக்கலாம்.

கிராம சபைகள் எல்லாம் ஒழுங்காக நடப்பதில்லை, கோரம் எழுதிக்கொள்வதோடு முடிந்துவிடுபவையும் உண்டு என்ற மறுப்பு நியாயமானதே. ஆனால் இருபது மாணவர்கள் அறிக்கையோடு வந்து உட்காரும் சபையை ஏட்டளவில் நடத்தி முடிப்பது சுலபமில்லை. வாசிக்கும் மாணவர்களில் பாதிப் பேர் அந்த வட்டாரத்துப் பிள்ளைகளாக இருக்கும்போது அது இன்னும் கடினம்.

சேவை செய்ய நினைக்கும் மாணவர் கல்லூரி மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எந்த அமைப்பில் சேர்வதற்கு முன்பும் மூன்றை விசாரித்துக்கொண்டால் போதும். இந்த வேலையைக் கேட்டவர் யார்? நான் போன பிறகு இதைத் தொடர்பவர் யார்? இதைப் பற்றி என் துறையில் யாரிடம் உட்கார்ந்து பேச முடியும்? மூன்றுக்கும் ஆள் பெயர் சொல்ல முடிகிற அமைப்பில் வாரம் இரண்டு மணி நேரம் கொடுத்தாலும் அது படிப்பு. சொல்ல முடியாத அமைப்பில் 240 மணி நேரம் கொடுத்தால் கிடைப்பது சான்றிதழ். கல்லூரிகள் முதலில் தர வேண்டியது அந்தப் பெயர்களைத்தான். கிரெடிட்டை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.